உரிமையும் சலுகையும்

தமிழில் ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி வழங்கப்பெறும் சொற்கள் இரண்டு உள. ஒன்று உரிமை, மற்றொன்று சலுகை. மேடைப் பேச்சிலும் நாளிதழ்ச் செய்தியிலும் 'பெண்களுக்கு உரிமை வழங்கப்பட்டது' என்னும் தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம். வழங்கப்படுவது உரிமையாகுமா என்னும் ஐயம் பெரும்பாலும் எவர்க்கும் எழுவதில்லை. ஒருவருக்கு உரியது எதுவோ அதுவே உரிமை என்பது அச்சொல்லின் பகுதியிலேயே அடங்கிக் கிடக்கிறது. உரியதைப் பிறர் மறைத்து வைக்கலாம், பறித்துக் கொள்ளலாம், காலம் தாழ்த்தித் திருப்பித் தரலாம். ஆயினும் திருப்பித் தந்தவர் கொடையாளர் ஆகிவிடமாட்டார்.

சலுகையின் இயல்பு வேறு. அதற்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். அவர் மனம் இசைய வேண்டும். இசைந்த மனம் நாளை மாறினால் சலுகையும் மறையும். ஆகவே இரண்டையும் பிரித்தறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. 'கொடுத்தவரின் மனம் மாறிய மறுநாளும் இது என்னிடம் இருக்குமா?' என்று பெற்றவர் கேட்டுப் பார்க்க வேண்டும். இருக்கும் என்றால் அது உரிமை. இராது என்றால் அது சலுகை.

பெண்களின் நிலையையும், திருநங்கையர், திருநம்பியர், தன்பாலின ஈர்ப்புடையோர் ஆகியோரின் நிலையையும் சிங்கப்பூர் வரலாற்றில் இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரு பொருளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது முறையா என்று சிலர் வினவக்கூடும். முறையே என்பது போகப்போக விளங்கும்.

நல்ல கணவனும் நல்ல சட்டமும்

1961ஆம் ஆண்டுக்கு முன்னர், சீனர், இந்துக்கள் ஆகியோரின் வழக்காறு ஓர் ஆடவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்ள இடம் தந்தது. கடல் கடந்து பிழைக்க வந்தவர் ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமும் வைத்திருந்த கதைகளை நம் முதியோர் அறிவர். வழக்காற்றின்படி நடந்த திருமணத்துக்குப் பதிவேடு கட்டாயமில்லை. கைவிடப்பட்டவள் தான் மனைவி என்பதை மெய்ப்பிக்கவே இடர்ப்பட வேண்டியிருந்தது.

அக்காலப் பெண்கள் எல்லாரும் துன்புற்றனர் என்று கூறுதல் மிகையாகும். மனைவியைக் கண்ணெனப் போற்றிய கணவர் பலர் இருந்தனர். வரும்படி முழுவதையும் அவள் கையில் கொடுத்தவரும் இருந்தனர். ஆனால் அவளது நல்வாழ்வு முழுவதும் அவனது நற்குணத்தின் மீதே நின்றது. அவன் மனம் திரிந்தால் அவளுக்குப் பிடிமானம் ஏதுமில்லை. அவள் அடைந்திருந்த இன்பமும் மதிப்பும் பெரியனவாக இருப்பினும், நம் அளவுகோலின்படி அவை சலுகைகளே.

இந்நிலையை மாற்ற 1950களில் ஓர் இயக்கம் தோன்றிற்று. பம்பாயில் பிறந்து 1950இல் சிங்கப்பூர் வந்த ஷீரின் ஃபோஸ்தார் அம்மையார், பல இனப் பெண்களோடு சேர்ந்து 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தை நிறுவினார். ஒருவனுக்கு ஒருத்தி என்னும் சட்டமே அம்மன்றத்தின் முதற்கோரிக்கை. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி அதனைத் தன் வாக்குறுதிகளுள் ஒன்றாக்கியது. அக்கட்சியின் சார்பில் சட்டமன்றம் புகுந்த சான் சோய் சியோங் அம்மையார் அங்கும் அதற்காக வாதாடினார். 1961 மே 24இல் மாதர் சாசனம் நிறைவேறி, செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணம் கட்டாயமாயிற்று. திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. குடும்பத்தை நடத்துவதில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்த உரிமை எழுதப்பெற்றது. அன்றுமுதல் நல்ல கணவன் வாய்க்காதவளுக்கும் நல்ல சட்டம் வாய்த்தது.

நம்மவரிடையே இதற்கான நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். ஆயின் செங்கற்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாகி, பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கு கிடைத்தது 1989இல்தான். இடையில் கழிந்தவை 60 ஆண்டுகள். அவ்வறுபது ஆண்டுகளிலும் எத்தனையோ தந்தையர் மகளுக்குச் சீரும் நகையும் மனமுவந்து கொடுத்தனர். அவர்கள் கொடுத்தது அன்பின் அடையாளமே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவள் கேட்டு வாங்கக் கூடியதாக அதில் ஒன்றுமில்லை.

தகுதி என்னும் தடைக்கல்

உரிமைக்கு அடிப்படை யாது? 'ஆண் செய்வதனைத்தையும் பெண்ணும் செய்ய வல்லவள். ஆகவே அவளுக்கு உரிமை வேண்டும்' என்று பலர் வாதிடுகின்றனர். நல்லெண்ணத்தோடு எழுந்த இவ்வாதத்தில் ஓர் இடர் மறைந்துள்ளது.

1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதன் பயிற்சி முகாம் அவ்வாண்டு அக்டோபர் 22இல் வாட்டர்லூ சாலையில் திறக்கப்பட்டது. மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். துப்பாக்கி ஏந்திய அப்பெண்களுள் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பெண்ணின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுவோர்க்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. எனினும் போர் முடிந்த பின்னர், பலதார மணத்தை இந்நாட்டில் ஒழிப்பதற்கு மேலும் 16 ஆண்டுகள் தேவைப்பட்டன. தகுதியை மெய்ப்பித்தல் ஒன்று. உரிமை பெறுதல் மற்றொன்று. முன்னது நிகழ்ந்தால் பின்னது தானே வரும் என்று எண்ணுதற்கு வரலாறு இடம் தரவில்லை.

மற்றொரு சான்றும் காண்க. 1979இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. பெண் மருத்துவர் மணமாகிப் பிள்ளை பெற்றபின் பணியை விட்டுவிடுவர் அல்லது குறைத்துக் கொள்வர் என்பதே சொல்லப்பட்ட காரணம். உயர்ந்த மதிப்பெண் பெற்றும் இடம் கிடைக்காத மாணவியின் தகுதியில் எவரும் குறை காணவில்லை. அவள் இன்னும் செய்யாத ஒன்றை, பிற பெண்கள் செய்தார்கள் என்பதற்காக அவள் கணக்கில் எழுதினர். அவ்வரம்பு 2003ஆம் ஆண்டுச் சேர்க்கையோடு நீக்கப்பட்டது. அவ்வாறே, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தைவழி மட்டுமே கிடைத்துவந்த மரபுவழிக் குடியுரிமை, தாய்வழியும் கிடைக்குமாறு 2004இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. மனைவியின் இசைவின்றிக் கணவன் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதாத சட்ட விலக்கு 2020 ஜனவரி 1இல்தான் முற்றிலும் ஒழிந்தது. மாதர் சாசனம் தோன்றி 58 ஆண்டுகளுக்குப் பின்னரும் எஞ்சியிருந்த இருள் அது.

இவற்றால் அறியப்படுவது யாது? உரிமைக்கு அடிப்படை வலிமையும் அன்று, மதிப்பெண்ணும் அன்று. வலிமையே அடிப்படை எனின் மெலிந்தவள் உரிமை இழப்பாள். கல்வியே அடிப்படை எனின் கல்லாதவள் இழப்பாள். ஆணிடம் 'உன் தகுதியைக் காட்டு. பிறகு மனிதனாக நடத்துகிறோம்' என்று எவரும் கேட்டதில்லை. பெண்ணிடம் மட்டும் கேட்பது அநீதி. மனிதப் பிறவி என்பது ஒன்றே போதும் என்னும் இடத்திற்கு நாம் வந்து சேர்கிறோம். அவ்விடத்திற்கு வந்தபின், 'மனிதருள் இன்னின்னார் மட்டும்' என்று கதவைச் சாத்த முடியாது. பெண்ணுரிமைக்காக நாம் கூறிய காரணமே பிற சிறுபான்மையரையும் உள்ளே அழைத்துக்கொண்டு வருகிறது. இரு பொருளையும் ஒருங்கே ஆராய்தல் முறையே என்றதன் காரணம் இதுவே.

உயர்திணை என்னும் பெயர்

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இங்கே இலக்கணம் துணை நிற்கிறது. உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்த தொல்காப்பியர், மக்கள் என்று சுட்டப்படுவோரை உயர்திணையில் வைத்தார். வலியவர், கற்றவர், செல்வர் என்னும் அடைமொழி ஏதும் அவர் சேர்க்கவில்லை. ஆண்மை திரிந்த பெயரைப் பற்றியும் அவர் கிளவியாக்கத்தில் பேசுகிறார். அப்பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணையின் பால் ஈறுகளையே கொண்டு வழங்கும் என்றும் விதிக்கிறார். தனிச்சொல் ஈறு இல்லாதவரும் உயர்திணையின் உள்ளேயே நின்றனர் என்பது கருதத்தக்கது.

நன்னூலார் இன்னும் ஒரு படி நுணுகிச் செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர் என்பது அவர் கருத்து. 'அவாவுதல்' என்பது உள்ளத்தின் தொழில். உடலைப் பார்ப்போர் கூறுவதை விட்டு, உடையவரின் விருப்பத்தை அளவாகக் கொண்டமை வியப்புக்குரியது. ஆயினும் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். இவர்கள் அஃறிணை போலவும் வழங்கப்படலாம் என்று அதே நூற்பாவில் பவணந்தியார் இடம் தந்துவிடுகிறார். ஒரே நூற்பாவில் ஏற்பும் இழிவும் அடுத்தடுத்து நிற்கின்றன.

நம் மரபு முழுவதும் இவ்வாறே இரு முகம் கொண்டது. பழம்பெருமை பேசுவோர் முன்பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவர்; இகழ்வோர் பின்பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவர். வகுப்பறையில் இரண்டையும் காட்டி, 'இவற்றுள் எதனை நாம் மேற்கொண்டு நடத்துவது?' என்று கேட்பதே நேர்மையான ஆசிரியம்.

மருத்துவமனை தந்ததும் சட்டம் தராததும்

புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் பாதை ரயிலேறி லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குவோர், தேக்காச் சந்தைக்கு அருகே பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக் கட்டடத்தைக் காணலாம். 1966இல் மட்டும் 39,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்த இடம் அது. நம்முள் பலரின் பிறப்புச் சான்றிதழில் அதன் பெயர் உண்டு. 1971 ஜூலை 30இல் வேறொரு வகைப் பிறப்புக்கும் அது இடமாயிற்று. ஆணாகப் பதிவாகிப் பெண்ணாக வாழ விழைந்த ஒருவர்க்குச் சிங்கப்பூரில் முதன்முறையாகப் பால்மாற்று அறுவை மருத்துவம் அங்கே செய்யப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறக்கக் காரணமான மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

1973இல் அரசு, அறுவை மருத்துவம் முடித்தவர்கள் அடையாள அட்டையில் தம் பாலினத்தை மாற்றிக்கொள்ள இசைந்தது. அக்கால உலகில் அரிய முற்போக்கு இது. ஆயினும் அவ்வசதி நிருவாகத்தின் இசைவாக நின்றதேயன்றித் திருமணச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அதன் விளைவு 1991இல் தெரிந்தது. மனைவி ஒருவர் தொடுத்த வழக்கில், கணவர் பிறப்பால் பெண் என்பதால் அத்திருமணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவரின் உண்மை தமக்குத் தெரியாது என்று கூறிய மனைவியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆயின் தீர்ப்பு அவ்விருவரோடு நிற்கவில்லை. அனைத்தும் அறிந்து மனமொத்து மணந்தவர்களின் திருமணமும் அதனால் ஆட்டம் கண்டது. கையில் இருந்த அட்டை ஒன்று சொல்லிற்று. நீதிமன்றம் வேறு சொல்லிற்று. 1996இல் மாதர் சாசனத்தைத் திருத்திய பின்னரே அவர்களின் திருமணம் சட்டத்தில் வேர் கொண்டது.

மருத்துவர் காட்டிய பரிவு பெரிது. அலுவலர் காட்டிய இசைவும் பெரிது. இருபதாண்டுக் காலம் அவற்றை நம்பி வாழ்ந்தவர்கள், ஒரு தீர்ப்பில் தம் காலடி நிலம் நகர்வதைக் கண்டனர். பெண்களின் சமன்மைக்காக எழுந்த சாசனமே இவர்களுக்கும் நிலம் தந்தது என்பது பொருள் பொதிந்த செய்தியாகும்.

உறையிலிட்ட வாள்

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை 377ஏ பிரிவின் வரலாற்றைப் போல் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை. ஆடவர் இருவர் தனிமையில் கொள்ளும் உறவுக்கும் ஈராண்டு வரை சிறை விதித்த அப்பிரிவு, 1938இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதன் மூலம் 1885ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம். இங்கிலாந்து 1967இல் அதனைக் கைவிட்ட பின்னரும் இங்கே அது நிலைத்திருந்தது. ஆசியப் பண்பாட்டின் காவலாகப் பலர் கருதிய அச்சட்டம் ஆங்கிலேயர் இறக்குமதி செய்த சரக்கு என்பதை மாணவர் அறிதல் நலம்.

2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம் அப்பிரிவை மட்டும் விட்டுவைத்தது. சட்டம் இருக்கும், அரசு அதனை முனைந்து செயற்படுத்தாது என்பது அன்றைய ஏற்பாடு. சமுதாயத்தின் இரு சாராரையும் பகைத்துக் கொள்ளாத நடுவழியாக அது கருதப்பட்டது. 'எவரையும் பிடிப்பதில்லை, பிறகு சட்டம் ஏட்டில் இருந்தால் என்ன?' என்று பலர் கேட்டனர்.

அக்கேள்விக்கு ஒரு வாளை உவமையாகக் கூறலாம். ஒருவன் உன் வீட்டுச் சுவரில் வாளை மாட்டிவைத்து, 'இதனை உறையிலிருந்து எடுக்க மாட்டேன், அஞ்சாதே' என்கிறான். அவன் சொல் தவறாதவன் என்றே கொள்வோம். ஆயினும் வாள் அங்கே இருக்கும்வரை அவ்வீட்டில் உறங்குவோர் அவன் சொல்லை நம்பித்தான் உறங்க வேண்டும். கொள்ளை கொடுத்தவன் காவல் நிலையத்துக்குப் போகுமுன் இருமுறை எண்ணுகிறான். மகன் தாயிடம் சொல்லுமுன் நூறுமுறை எண்ணுகிறான். பெற்றோர் 'சட்டமே குற்றம் என்கிறதே' என்று சொல்ல ஏதுவாகிறது. முனைந்து செயற்படுத்தப்படாத சட்டமும் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

2022 பிப்ரவரி 28இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இக்கோணத்தில் கற்பது பயனுடைத்து. அப்பிரிவு அரசமைப்புக்கு முரணா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. தலைமைச் சட்ட அதிகாரி 2018இல் வெளியிட்ட வழக்குத் தொடுப்புக் கொள்கையின் வலுவில், அப்பிரிவைச் செயற்படுத்த இயலாது என்று கூறியது. ஆனால் அக்கொள்கை மாறுவதாகப் பிற்காலத்தில் தெளிவான அறிவிப்பு வந்தால் இப்பாதுகாப்பு நிற்காது என்பதும் தீர்ப்பில் அடங்கியிருந்தது. அதாவது, 'கொடுத்தவர் மனம் மாறிய மறுநாள்' என்னும் நம் அளவுகோலை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே எடுத்து வைத்து அளந்து காட்டிற்று.

அவ்வாண்டு ஆகஸ்ட் 21இல் பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையில் அப்பிரிவு நீக்கப்படும் என்று அறிவித்தார். நவம்பர் 29இல் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. 2023 ஜனவரி 3இல் அது நடைமுறைக்கு வந்தது. வாள் சுவரிலிருந்து இறங்கியது.

மறுப்புகளும் விடைகளும்

மாற்றுக் கருத்துடையோரை அறிவிலார் என்று ஒதுக்குதல் அறமன்று. அவர்களின் மறுப்புகள் மூன்றனை ஆராய்வோம்.

முதலாவது, 'சமுதாயம் இசையும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்' என்பது. அவசரச் சட்டம் பகையை வளர்க்கும் என்னும் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மாதர் சாசனம் சமுதாயம் முழுவதும் இசைந்த பின்னர் வரவில்லை. பல மனைவியரைக் கொண்டோரும் அவ்வழக்கத்தைப் பழுதெனக் கருதாதோரும் நிறைந்திருந்த நாளிலே வந்தது. வந்தபின் ஒரு தலைமுறைக்குள் ஒருதார மணமே 'நம் பண்பாடு' என்று பேசப்படலாயிற்று. பொறுத்திருப்பதன் விலையை யார் கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டும். காலம் தாழ்த்தலாம் என்று முடிவு செய்பவர் ஒருவர். அத்தாழ்வில் வாழ்நாளைக் கழிப்பவர் வேறொருவர்.

இரண்டாவது, 'எம் சமயம் இதனை ஏற்பதில்லை' என்பது. சமயத்தாரின் நம்பிக்கை மதிக்கத்தக்கது. தம் கோயிலில், பள்ளிவாசலில், தேவாலயத்தில் தம் நெறியைப் போதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதுவும் சலுகையன்று, உரிமையே. அதனாலேயே அவ்வுரிமையின் எல்லையும் தெளிவாகிறது. என் நோன்பு நாளில் நான் உண்ணாதிருக்கலாம். அண்டை வீட்டார் உண்பதைக் குற்றமாக்க இயலாது.

மூன்றாவது, 'குடும்பம் சிதைந்துவிடும்' என்பது. இதற்கு விடை காணக் கருத்துலகை விட்டு ஒரு குடியிருப்புக்குள் செல்வோம். புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு 'நீண்ட குன்று' என்பது பொருள். முன்னாளில் பத்தாம் கட்டை என்று வழங்கிய, சிற்றூர்கள் சூழ்ந்த அப்பகுதி 1980களில் அடுக்குமாடி நகரமாக வளரத் தொடங்கியது. இன்று அங்கே ஏதேனும் ஒரு மாடித் தாழ்வாரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள். அடுத்த வீட்டில் முதிய பெற்றோரைப் பேணும் மணமாகாத மகள். அதற்கடுத்து, மணமாகாமலே தாயாகிப் பிள்ளையைத் தனித்து வளர்ப்பவள். கோடியில், 'நண்பர்கள்' என்று அண்டையார் நயமாகக் குறிப்பிடும் இருவர். இந்நால்வகை வீட்டிலும் சோறு பொங்குகிறது. நோய் வந்தால் ஒருவர்க்கொருவர் கண்விழிக்கின்றனர். முதல் வீட்டின் அன்பைக் காக்க ஏனைய வீடுகளின் அன்பைச் சட்டம் நலியச் செய்ய வேண்டும் என்பது எவ்வாறு பெறப்படும்?

ஆயினும் வீடு வாங்கும் விதியில் இவ்வேறுபாடு தெரிகிறது. மணம் புரிவோர் இளமையிலேயே விண்ணப்பிக்கலாம். தனியராக வாங்க விழைவோர் பொதுவாக 35 வயது வரை காத்திருக்க வேண்டும். மணமாகாத தாய்க்கு முன்பு பிரசவ விடுப்பும் குறைவு. 2017 முதல்தான் மணமான தாய்க்குரிய 16 வாரம் அவளுக்கும் கிடைத்தது. அதற்கு முன் பிறந்த குழந்தை தாயின் பால் பருகும் நாளில் குறைபட்டது எந்தக் குற்றத்திற்காக? குடும்பத்தைக் காப்பதாகக் கூறி ஒரு குடும்பத்தின் மெலிந்த உறுப்பினரைத் தண்டித்தல் பொருந்தாது.

திருமணம் பற்றிய வினா இன்னும் தீர்ந்துவிடவில்லை. 377ஏ நீக்கப்பட்ட அன்றே, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது திருமணம் என்னும் சட்ட வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாதவாறு அரசமைப்பில் 156ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அவ்வரையறையை மாற்றும் ஆற்றல் நாடாளுமன்றத்திடமே உள்ளது. 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டமும் பாலினம், மணநிலை, கருவுற்ற நிலை, குடும்பப் பராமரிப்பு ஆகியவற்றின் பெயரால் வேறுபாடு காட்டுதலைத் தடுக்கிறது; பாலின ஈர்ப்பும் பாலின அடையாளமும் அதில் சேர்க்கப்படவில்லை. அவ்வகையில் நல்ல முதலாளி வாய்த்தவர்க்கு நல்ல வேலை என்னும் நிலையே நீடிக்கிறது. 1961க்கு முந்தைய மனைவியின் நிலை நமக்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது.

தமிழகம் காட்டும் இருவழி

தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 'திருநங்கை' என்னும் மதிப்பான சொல் முதலமைச்சர் மு. கருணாநிதியின் ஆட்சியில் அரசு வழக்காயிற்று. இவை அரிய பணிகள். எனினும் நலவாரியம் தருவது நலத்திட்டம். ஆட்சியும் நிதியும் மாறினால் அதுவும் மாறக்கூடும். 2014 ஏப்ரல் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறுதல் அரசமைப்பு காக்கும் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் அடியொற்றி, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆடவர் ஒருவர்க்கும் திருநங்கை ஒருவர்க்கும் கோயிலில் நடந்த திருமணம் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும் என்று கூறியது. பதிவு செய்ய மறுத்த அலுவலகத்தின் கதவை அவர்கள் கெஞ்சித் திறக்கவில்லை. சட்டத்தைக் காட்டித் திறந்தனர்.

மற்றொரு நிகழ்ச்சி ஆசிரியர் உலகிற்கு மிகவும் பொருந்துவது. பெண்கள் இருவர் தம் இணைவாழ்வுக்குப் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இப்பொருளில் தமக்குத் தெளிவு போதாது என்பதை வெளிப்படையாகக் கூறிய அவர், உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து விளக்கம் கேட்டார். தன்பாலின ஈர்ப்புடையோர் சிலரிடம் உரையாடினார். அதன் பின்னரே 2021 ஜூன் 7இல் ஆணை வழங்கினார். அவ்வாணை இவர்களை 'மாற்றிவிடுவதாக'க் கூறும் போலி மருத்துவத்தைத் தடுத்தது. பள்ளி, கல்லூரிகளில் செய்யத்தக்கனவற்றையும் வகுத்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உடையவர் முதலில் கேட்டு அறிந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

வகுப்பறையின் கடமை

சட்டம் எழுதுவதும் தீர்ப்புச் சொல்வதும் தமிழாசிரியரின் பணியல்ல. ஆனால் சொற்கள் அவர் கையில் உள்ளன. திருநங்கையைக் குறிக்கும் இழிசொல் ஒன்று வகுப்பில் வசையாக எறியப்படும்போது, மாணவர் நாற்பதின்மரும் ஆசிரியரின் முகத்தையே பார்க்கின்றனர். அவர் சிரித்தால் அது விதியாகிறது. வாளாவிருந்தால் அதுவும் விதியாகிறது. 'பெண்புத்தி' என்னும் தொடருக்கும் இது பொருந்தும். அந்நாற்பதின்மருள் எவர் உள்ளத்தில் எச்சொல் ஆறாப் புண்ணாகும் என்பதை ஆசிரியர் அறியார். அறியாமையால்தான் அவர் எல்லார் பொருட்டும் கவனமாக இருக்க வேண்டியுள்ளது.

இலக்கணப் பாடத்தில் உயர்திணையை விளக்கும் நாளில், அது வெறும் ஈற்றெழுத்துக் கணக்கன்று என்று ஓரிரு நிமிடம் கூறலாம். மக்கள் என்று சுட்டப்படுவோர் அனைவரும் அதில் அடங்குவர் என்றும், சுட்டும் விரல் நம்முடையது ஆதலின் பொறுப்பும் நம்முடையது என்றும் சொல்லலாம். மாதர் சாசனம் வந்த ஆண்டையும் 377ஏ நீங்கிய ஆண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். இடைப்பட்ட 61 ஆண்டுகளில் எவரெவர் காத்திருந்தனர் என்று மாணவரையே எண்ணிப் பார்க்கச் செய்யலாம்.

பெற்ற உரிமையை உரிமையென அறிந்தவர்க்கே பிறர் உரிமை கண்ணில் படும். தான் வாக்களிப்பதும், படிப்பதும், தன் பெயரில் வீடு வாங்குவதும் எவரோ இரங்கித் தந்த சலுகை என்று எண்ணும் பெண், அச்சலுகை பிறர்க்கும் போனால் தனக்குக் குறைந்துவிடும் என்று அஞ்சக்கூடும். அவை தனக்குரியன என்று உணர்ந்தவளோ பகிர்ந்தால் குறையும் பொருளாக அவற்றைக் கருதமாட்டாள். நம் மாணவியர் அவ்வுணர்வோடு பள்ளியை விட்டு வெளியேறுமாறு செய்வது தமிழ் கற்பிப்போர் செய்யக்கூடிய பணிகளுள் தலையாயது. அதனைச் செய்வதற்கு எவருடைய இசைவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நாளைய வகுப்பிலேயே தொடங்கலாம்.